பெரிய டர்போவா, சின்ன டர்போவா? ஒரு நூறு வருஷத்துச் சண்டை

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலான நேரத்தில் வாசியுங்கள்.

நமது ஊர்ப் பிரதான வீதியில் இரவு பத்து மணிக்குப் பிறகு இப்போது ஒரு சத்தம் கேட்கிறது. முதலில் விசில் மாதிரி ஏறும். பிறகு "ப்ஸ்ஸ்ஸ்" என்று காற்றை விடும். சில கார்களில் அது "ஸ்டு-டு-டு-டு" என்று புறா சிறகடிப்பது போல இருக்கும். பெரியவர்களுக்கு அது தொல்லை. பாடசாலைப் பிள்ளைகளுக்கு அதை விட இனிமையான சத்தம் உலகத்தில் இல்லை. "சேர், பெரிய டர்போ மாற்றினால் எவ்வளவு வலு கூடும்?" என்று உயர்தர வகுப்புப் பிள்ளைகள் இடைவேளையில் என்னைச் சுற்றி நின்று கேட்கிறார்கள்.

வீடுகளில் இந்த விஷயத்தில் பேச்சே நடப்பதில்லை. வாப்பா "அந்தச் சாமானைக் கழற்றி வீசு" என்கிறார். மகன் "வாப்பாவுக்கு ஒண்டும் தெரியாது" என்கிறான். வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைத்த காசு கராஜுக்குப் போகிறது. நான் வரலாறு படிப்பிக்கிறவன், ஸ்பேனர் பிடிக்கிறவன் அல்ல. ஆனால் பிள்ளைகள் கேட்கும் கேள்விக்கு வரலாற்றில் நல்ல பதில் இருக்கிறது. பெரிய டர்போ போட்டால் வலு கூடும், உண்மைதான். அதற்குப் பதிலாக எதை இழக்கிறோம் என்பதை உலகத்தின் கெட்டிக்காரப் பொறியியலாளர்கள் ஒவ்வொருவராக, ஒவ்வொரு நாட்டிலும், காசும் சில இடங்களில் உயிரும் கொடுத்துத்தான் படித்தார்கள்.

1905 நவம்பரில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர் நகரைச் சேர்ந்த அல்பிரட் பூஹி என்ற பொறியியலாளர் ஜேர்மனியில் ஒரு காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். எஞ்சினுக்குள் எரியும் எரிபொருளின் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சூடான புகையாக வெளியே போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கிய எண்ணெயில் மூன்றில் ஒன்றை வீதியில் ஊற்றுவது போலத்தான். அந்தப் புகையின் வேகத்தில் ஒரு சின்னச் சக்கரத்தைச் சுழற்றலாம் என்றார் பூஹி. அதே தண்டின் மறுமுனையில் இன்னொரு சக்கரம். அது வெளிக்காற்றை இழுத்து, அமுக்கி, எஞ்சினுக்குள் தள்ளும். காற்று கூடினால் எரிபொருளையும் கூட்டி எரிக்கலாம். எஞ்சின் அதே அளவு, வலு மட்டும் அதிகம். டர்போ என்பது இவ்வளவுதான். இன்றைக்கு உங்கள் காரில் இருப்பதும் அதேதான்.

எழுதி வைப்பது லேசு. அதைச் சரியாக வேலை செய்ய வைக்க அவருக்கு ஏறக்குறைய இருபது வருஷம் எடுத்தது. செந்தணல் போலச் சுடும் புகையில் நிமிடத்துக்குப் பல்லாயிரம் தடவை சுழலும் சக்கரத்துக்கு ஏற்ற உலோகம் அந்தக் காலத்தில் கிடைக்கவில்லை. 1920களின் நடுப்பகுதியில் 'புரொய்சன்', 'ஹான்சஸ்டாட் டான்சிக்' என்ற இரண்டு ஜேர்மன் பயணிகள் கப்பல்களின் டீசல் எஞ்சின்களில் பூஹியின் டர்போ பூட்டப்பட்டது. 1,750 குதிரை வலு தந்த எஞ்சின்கள் 2,500 தந்தன.

அதற்கு முன்பே அமெரிக்காவில் இன்னொரு மனிதர் இதைக் கையில் எடுத்திருந்தார். ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தின் சான்போர்ட் மொஸ். முதலாம் உலகப் போர் நேரம் அது. விமானம் மேலே போகப் போகக் காற்று ஐதாகிறது, எஞ்சின் மூச்சுத் திணறுகிறது. இதற்கு டர்போ மருந்தாகுமா என்று நிலத்தில் வைத்தே சோதிக்க வேண்டும். மொஸ் செய்த வேலை எனக்கு மிகவும் பிடித்தது. 1918இல் லிபர்ட்டி என்ற விமான எஞ்சின் ஒன்றை லொறியில் ஏற்றி, கொலராடோ மாநிலத்தின் பைக்ஸ் பீக் மலை உச்சிக்கே கொண்டு போய்விட்டார். 14,000 அடிக்கு மேல் உயரம். நமது பிதுருதாலகாலை மலை 8,281 அடி, ஒப்பிட்டுப் பாருங்கள். கடல் மட்டத்தில் 350 குதிரை வலு தந்த எஞ்சின், மலை உச்சியில் டர்போ இல்லாமல் 230 தந்தது. டர்போவுடன் 356. மலை உச்சியில் நின்றுகொண்டு கடற்கரையில் இருப்பதை விடக் கூடுதல் வலு! இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் பி-17 போன்ற பெரிய குண்டுவீச்சு விமானங்கள் உயரத்தில் பறந்தது மொஸ் தொடங்கி வைத்த இந்த வழியில்தான்.

பிள்ளைகள் கவனிக்க வேண்டிய இடம் இனித்தான் வருகிறது. கப்பல் துறைமுகத்தை விட்டால் மணிக்கணக்கில் ஒரே வேகத்தில் ஓடும். விமானமும் அப்படித்தான். கார் அப்படியா? நமது சந்தையடியில் மிதி, விடு, பிரேக், மறுபடி மிதி. எக்சலேட்டரை விட்டால் புகை குறையும், டர்போச் சக்கரம் வேகம் இழக்கும். மறுபடி மிதித்தால் முதலில் புகை கூட வேண்டும், பிறகு சக்கரம் வேகம் எடுக்க வேண்டும், பிறகுதான் காற்று வரும். இதைத்தான் நமது தம்பிமார் 'டர்போ லெக்' என்கிறார்கள். சக்கரம் பெரிதானால் தள்ளும் காற்றும் கூடும், அது வேகம் எடுக்கும் நேரமும் கூடும். கடையில் நிறுக்கும் தராசு போல. ஒரு தட்டு ஏறினால் மற்றது இறங்கும். கப்பலுக்கும் விமானத்துக்கும் இந்தக் கணக்கு பெரிய விஷயமே இல்லை. காருக்கு இதுதான் எல்லாம்.

1962இல் அமெரிக்காவில் இரண்டு டர்போ கார்கள் சில வார இடைவெளியில் விற்பனைக்கு வந்தன. ஒன்று ஷெவர்லேயின் கொர்வேர் மொன்சா ஸ்பைடர். மற்றது ஒல்ட்ஸ்மொபில் ஜெட்ஃபயர். ஜெட்ஃபயரின் கதை இன்றைக்கும் பாடம். 3.5 லீற்றர் அலுமினிய எஞ்சின், 215 குதிரை வலு. சாதாரண எஞ்சினின் உயர்ந்த கொம்பிரஷனைக் குறைக்காமலே அதற்கு டர்போ பூட்டினார்கள். காற்றை அமுக்கினால் அது சூடாகும். சூடான காற்றும் பெற்றோலும் சேர்ந்தால், தீப்பொறி மூட்டிய தீ வந்து சேர முன்பே ஒரு பகுதி தானாக வெடிக்கும். எஞ்சின் உள்ளே சுத்தியலால் அடிப்பது போலத் தட்டும். கராஜில் 'நொக்' என்பார்களே, அது. இதைத் தடுக்க காய்ச்சி வடித்த நீரும் மெத்தனோலும் சரிபாதி கலந்த ஒரு திரவத்தைச் சின்னத் தாங்கியில் வைத்து, எஞ்சினுக்குள் தெளிக்கச் செய்தார்கள். அதற்கு 'டர்போ ரொக்கட் திரவம்' என்று பெயர் வேறு.

வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? அந்தத் தாங்கியை நிரப்பவில்லை. ரேடியேட்டருக்குத் தண்ணீர் பார்க்காத ஆட்கள் நமது ஊரில் மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். திரவம் முடிந்தால் எஞ்சினைக் காப்பாற்ற அமுக்கத்தைக் குறைக்கும் ஏற்பாடு காரில் இருந்தது. அப்போது "கார் இழுக்கவில்லை" என்று சண்டைக்கு வந்தார்கள். இரண்டு வருஷத்தில் சுமார் 9,600 கார்களோடு அந்தக் கதை முடிந்தது. பிறகு நிறுவனமே முன்வந்து, வேண்டியவர்களுக்கு இலவசமாக டர்போவைக் கழற்றி சாதாரண கார்பரேட்டர் பூட்டிக் கொடுத்தது.

அடுத்தது ஜேர்மனி. அமெரிக்காவின் கேன்-ஆம் பந்தயத்துக்காக போர்ஷே நிறுவனம் 12 சிலிண்டர் கொண்ட 917 காருக்கு டர்போ பூட்டியது. சோதனை ஓட்டத்தில் அந்தக் கார் ஓட்டவே முடியாததாக இருந்தது. மிதித்தால் ஒன்றும் நடக்காது, வளைவின் நடுவில் திடீரென்று எல்லா வலுவும் ஒரேயடியாக வந்து விழும். ஓட்டுநர் மார்க் டொனஹியூ பொறியியல் படித்தவர். அவர் போர்ஷே பொறியியலாளர்களோடு உட்கார்ந்து, எஞ்சின் மெதுவாகச் சுழலும்போது எரிபொருள் எப்படிப் போக வேண்டும் என்று பொறுமையாகத் திருத்தினார். அவர்கள் முதலில் தேடியது கூடுதல் வலுவை அல்ல, கால் சொல்வதைக் கேட்கும் எஞ்சினை. அது கிடைத்த பிறகு, 1973இல் 5.4 லீற்றர் 917/30 கார் 1,100 குதிரை வலுவோடு ஓடி, எதிரில் ஆளே இல்லாமல் சம்பியன் ஆனது.

அதே 1973இல் பி.எம்.டபிள்யூ. நிறுவனம் 2002 டர்போ என்ற சின்னக் காரை வெளியிட்டது. 2 லீற்றர், 170 குதிரை வலு. முன் பம்பரில் 'டர்போ' என்ற சொல்லைத் தலைகீழாக, கண்ணாடியில் பார்த்தால் நேராகத் தெரியும்படி எழுதியிருந்தார்கள். முன்னால் போகிறவன் கண்ணாடியில் பார்த்து வழிவிட வேண்டுமாம். பெரிய கண்டனம் எழுந்தது, அந்த எழுத்தை எடுத்தார்கள். போதாததற்கு அந்த ஒக்டோபரில் எண்ணெய் நெருக்கடியும் வந்தது. மொத்தம் 1,672 கார்களோடு உற்பத்தி நின்றது. இந்த ஆடம்பர எழுத்தைப் பற்றி நினைக்கும்போது, நமது ஊர் கார்களின் பின்கண்ணாடி ஸ்டிக்கர்கள் ஞாபகம் வருகின்றன. மனிதன் எங்கும் ஒன்றுதான்.

1974இல் பாரிஸ் கண்காட்சியில் போர்ஷே 911 டர்போ வந்தது. 3 லீற்றர், 260 குதிரை வலு, நான்கே கியர். எஞ்சின் பின்சக்கரத்துக்கும் பின்னால். வளைவுக்குள் போய் மிதிப்பார்கள், ஒன்றும் வராது. இன்னும் மிதிப்பார்கள். ஒரு கணம் கழித்து வலு முழுவதும் சேர்ந்து வரும், பயந்து காலை எடுப்பார்கள், பாரமான பின்பகுதி வெளியே வீசும். அந்தக் காருக்கு 'விதவையாக்கி' என்று பெயர் வைத்தது இதனால்தான். கேலிக்கு வைத்த பெயர் என்றாலும் கேட்கும்போது சிரிப்பு வருவதில்லை.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த வீரர்கள் பந்தயக்காரர்கள் அல்லர், சுவீடன் நாட்டு சாப் நிறுவனத்துக்காரர்கள். சாப் அப்போது ஸ்கானியா லொறிக் கம்பனியோடு இணைந்திருந்தது. ஸ்கானியாவுக்கு டர்போ டீசலில் பல வருஷ அனுபவம். சாப்பிடம் இருந்ததோ ஒரே ஒரு 2 லீற்றர் எஞ்சின். பெரிய எஞ்சின் ஒன்றைப் புதிதாகச் செய்யக் காசு இல்லை. பெர் ஜில்பிராண்டும் (பின்னாளில் சுவீடனில் 'டர்போ பெல்லே' என்று செல்லப்பெயர் எடுத்தவர்) அவரது குழுவினரும் கேள்வியையே மாற்றிக் கேட்டார்கள். மற்றவர்கள், எஞ்சின் உச்ச வேகத்தில் சுழலும்போது எவ்வளவு பெரிய டர்போ தேவை என்று பார்த்தார்கள். சாப் பார்த்தது, ஒரு சாதாரணக் குடும்பஸ்தன் தினமும் எந்த வேகத்தில் எஞ்சினை ஓட்டுகிறான் என்பதை. அவன் 2,000, 3,000 சுற்றில்தான் ஓட்டுகிறான். லொறியை முந்தும்போது அங்கேதான் அவனுக்கு வலு வேண்டும். ஆகவே சின்ன டர்போவைப் போட்டார்கள். சின்னது சீக்கிரம் சுழலும். ஆனால் மேல் வேகத்தில் அது அளவுக்கு மீறிக் காற்றைத் தள்ளிவிடும். அதற்கு 'வேஸ்ட்கேட்' என்ற கதவு. அமுக்கம் எல்லை தாண்டினால் கதவு திறந்து, மிச்சப் புகை டர்போவைத் தொடாமல் நேரே வெளியே போகும். வேஸ்ட்கேட் சாப்பின் கண்டுபிடிப்பு அல்ல. தினசரிப் பாவனைக்காக அதை நம்பிச் சின்ன டர்போவைத் தேர்ந்ததுதான் அவர்களது கெட்டித்தனம்.

1977இல் காட்டப்பட்ட சாப் 99 டர்போ 145 குதிரை வலுதான். காகிதத்தில் பெரிய விஷயமில்லை. ஓட்டியவர்கள்தான் அதிசயித்தார்கள். 1979இல் ஸ்டிக் புளொம்க்விஸ்ட் அந்தக் காரில் சுவீடிஷ் ரலியை வென்றார். உலக ரலி வரலாற்றில் டர்போ கார் பெற்ற முதல் வெற்றி அது. 1980களின் தொடக்கத்தில் சாப் இன்னொரு படி ஏறியது. எஞ்சின் நொக் பண்ணுவதைக் கேட்கும் ஒரு 'காது', அதைக் கேட்டு அமுக்கத்தைத் தானாகக் குறைக்கும் ஒரு சின்னக் கணினி. ஜெட்ஃபயருக்குத் திரவம் செய்ய வேண்டியிருந்த வேலையை இப்போது இலத்திரனியல் செய்தது.

அதே 1977 ஜூலையில் ரெனோ நிறுவனம் ஃபோர்முலா 1 பந்தயத்துக்கு 1.5 லீற்றர் டர்போ காரைக் கொண்டு வந்தது. மற்றவர்களிடம் 3 லீற்றர் எஞ்சின். சில்வர்ஸ்டோனில் முதல் பந்தயத்திலேயே டர்போ பழுதாகி நின்றது. அடிக்கடி வெண்புகை கக்கியதால் ஆங்கிலேயர்கள் அதை 'மஞ்சள் தேநீர்க் கேத்தல்' என்று சிரித்தார்கள். ரெனோ பொறுமையாக வேலை பார்த்தது. 1979இல் ஒரு பெரிய டர்போவை எடுத்துவிட்டு, இரண்டு சின்ன டர்போக்களைப் பூட்டியது. அந்த ஜூலையில் டிஜோன் ஓட்டத்திடலில் ஷான்-பியர் ஷபுயி வென்றார். கேத்தல் என்று சிரித்தவர்கள் எல்லோரும் சில வருஷத்தில் தாங்களும் டர்போ தேடி ஓடினார்கள்.

பிறகு நடந்தது பைத்தியக்காரத்தனம். 1983இல் நெல்சன் பிக்கே பி.எம்.டபிள்யூ. டர்போவோடு உலக சம்பியன் ஆனார். அந்த எஞ்சினின் அடிப்படை, 2002 டர்போவில் இருந்த அதே குடும்பத்து நான்கு சிலிண்டர்தான். 1986 அளவில், தகுதிச் சுற்றில் சில தடவை மட்டும் சுற்றிவிட்டுத் தூக்கி எறியும் எஞ்சின்கள் 1,300 குதிரை வலுவையும் தாண்டின என்று மதிப்பிடுகிறார்கள். மதிப்பீடு என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. தங்கள் சோதனை மேடை 1,280க்கு மேல் காட்டாது என்று அந்த எஞ்சினைச் செய்த பவுல் றோஷே பின்னாளில் சொன்னார். வெறும் 1.5 லீற்றர்! 1989 முதல் டர்போவை ஃபோர்முலா 1 தடை செய்தது.

ரலியில் இந்த வெறி வேறு மாதிரி முடிந்தது. 1982 முதல் 'குரூப் பீ' என்ற பிரிவு. விதிகள் மிகக் குறைவு. ஓட்டத்திடல் அல்ல, மலைப்பாதை, காட்டுவழி, இரு பக்கமும் சனம். லான்சியா டெல்டா எஸ்4 என்ற காரில் 'லெக்' இல்லாமலாக்க ஒரு புதிய வழி. கீழ் வேகத்தில் பெல்ட்டால் ஓடும் சூப்பர்சார்ஜர் காற்றைத் தள்ளும், மேல் வேகத்தில் டர்போ பொறுப்பெடுக்கும். 1.8 லீற்றர் கூட இல்லாத எஞ்சினில் 480 குதிரை வலு அளவில். பொறியியலாகப் பார்த்தால் அழகான வேலை. 1986 மார்ச்சில் போர்த்துக்கல் ரலியில் ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பார்வையாளர்கள் மூவர் இறந்தார்கள். மே 2ஆம் திகதி கோர்சிக்கா தீவில் 29 வயது ஹென்றி டொய்வொனனும் அவரது துணை ஓட்டுநர் செர்ஜியோ கிரெஸ்டோவும் டெல்டா எஸ்4 காரோடு பள்ளத்தில் விழுந்து, தீயில் போனார்கள். எதனால் கார் வீதியை விட்டு விலகியது என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டர்போதான் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். அது நியாயமும் அல்ல. மனிதக் கையும் கண்ணும் காலும் தாங்கும் அளவை விட வேகமாக வலு வளர்ந்துவிட்டது, வீதியோ பழைய வீதி. அந்த வருஷத்தோடு குரூப் பீ மூடப்பட்டது. நமது ஊர் வீதி எதற்குச் சமம் என்று வாசிக்கிற பெற்றோர் யோசித்துக்கொள்ளுங்கள்: கோர்சிக்கா மலைப்பாதைக்கா, பந்தயத் திடலுக்கா?

அதற்குப் பிறகு ரலியில் டர்போவின் மூக்கிலேயே கட்டுப்பாடு வைத்தார்கள். காற்று உள்ளே போகும் துவாரத்துக்கு ஓர் அளவு வளையம். 1995இல் ஸ்பெயின் ரலியில் டொயோட்டா அணியின் செலிக்கா கார்களில் ஒரு வேலை பிடிபட்டது. டர்போவைப் பூட்டி இறுக்கினால் வளையம் கொஞ்சம் நகர்ந்து, ஓரமாகக் காற்றை உள்ளே விடும். சோதனைக்குக் கழற்றினால் ஸ்பிரிங் அதைத் திரும்பவும் ஒழுங்காக மூடிவிடும். அதிகாரிகளே அந்தக் கைவேலையைப் பார்த்து மலைத்துப் போனார்கள். 12 மாதத் தடை கிடைத்தது. இவ்வளவு மூளையை நேர்வழியில் போட்டிருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நமது தம்பிமாரின் கார்கள் வந்த நாடு ஜப்பான். அங்கே டர்போ நுழைந்த விதம் சுவாரஸ்யம். 2,000 சீ.சீ.க்கு மேற்பட்ட எஞ்சினுக்கு வரி அதிகம். டர்போ என்றால் வேகப் பைத்தியம் என்று அரசாங்கம் சந்தேகப்பட்டது. நிசான் நிறுவனம் "இது எரிபொருளைச் சேமிக்கும் கருவி, சின்ன எஞ்சினில் பெரிய எஞ்சினின் வேலை" என்று சொல்லி அனுமதி எடுத்தது. 1979 முடிவில் நிசான் செட்ரிக் டர்போ வந்தது. ஆனால் ஜப்பானில் கராஜ்கள் நிறுவனங்களை முந்தியிருந்தன. 1973இல் ஃபூஜி மலைப் பக்கம் தொடங்கப்பட்ட எச்.கே.எஸ். என்ற சின்ன நிறுவனம், அடுத்த வருஷமே கார்களுக்குப் பின்னால் பூட்டும் டர்போத் தொகுதியை விற்கத் தொடங்கிவிட்டது. இன்று நமது பையன்கள் தொப்பியிலும் ரீ-சேர்ட்டிலும் போட்டுக்கொள்ளும் அதே மூன்றெழுத்து.

1989இல் ஜப்பானிய நிறுவனங்கள் தங்களுக்குள் ஓர் உடன்பாட்டுக்கு வந்தன. எந்தக் காரும் 280 குதிரை வலுவுக்கு மேல் இல்லை. 2004 வரை அது நீடித்தது. அந்த வருஷம் வந்த நிசான் ஸ்கைலைன் ஜீ.டீ.ஆர். காரில் இரண்டு சின்ன டர்போ. புகை படும் சக்கரங்கள் உலோகமல்ல, பீங்கான் வகை. பாரம் குறைவு, ஆகவே சட்டென்று சுழலும். வாங்கியவர்கள் என்ன செய்தார்கள்? அமுக்கத்தைக் கூட்டினார்கள். எல்லை தாண்டிய சூட்டிலும் வேகத்திலும் பீங்கான் சக்கரம் உடைந்து சிதறியது. பழைய ஜீ.டீ.ஆர். வைத்திருப்பவர்கள் முதலில் அந்தச் சக்கரத்தை உலோகத்துக்கு மாற்றுவது இதனால்தான்.

1993இல் டொயோட்டா சுப்ரா. அதன் 3 லீற்றர் எஞ்சினைப் பற்றிப் பையன்கள் என்னை விட நன்றாகச் சொல்வார்கள். அதிலும் இரண்டு டர்போ, ஆனால் வரிசையாக. கீழ் வேகத்தில் புகை எல்லாம் முதலாவது டர்போவுக்கு, அது சட்டென்று எழும்பும். ஏறக்குறைய 4,000 சுற்றில் கதவுகள் திறந்து இரண்டாவதும் சேரும். பெரிய டர்போவின் வலுவும் சின்ன டர்போவின் வேகமும் ஒரே எஞ்சினில். இதற்காக எத்தனை கதவு, எத்தனை குழாய், எத்தனை வருஷ உழைப்பு! பிறகு உலகம் பூராவும் அந்த எஞ்சினை வாங்கியவர்கள் அந்த இரண்டையும் கழற்றி எறிந்துவிட்டு, தேங்காய் அளவுக்கு ஒற்றைப் பெரிய டர்போவைப் பூட்டினார்கள். வலு இரட்டிப்பானது, அதற்கு மேலும் போனது. 'லெக்' திரும்பி வந்தது. பூஹி காலத்திலிருந்து சாப் வரை போராடித் தீர்த்த பிரச்சினையைக் காசு கொடுத்துத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள். நேர்கோட்டில் கால் மைல் பந்தயம் ஓடுகிறவனுக்கு அது சரி. அவனுக்கு வளைவும் இல்லை, பாடசாலை விட்டு வரும் பிள்ளையும் குறுக்கே வராது.

இனிச் சத்தத்துக்கு வருவோம். சத்தத்தை நான் குறை சொல்லவில்லை, அழகான சத்தம் அழகான சத்தம்தான். ஆனால் அது என்ன சொல்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். மிதித்துவிட்டுக் காலை எடுத்தால் எஞ்சின் வாயில் மூடிக்கொள்கிறது. டர்போ தள்ளிய காற்று போக இடமில்லாமல் திரும்பி, சுழலும் சக்கரத்திலேயே மோதுகிறது. அந்த "ஸ்டு-டு-டு-டு" இதுதான். டர்போவுக்கு இடிபடுகிறது, அது பாடவில்லை. இதைத் தடுக்க ஒரு வால்வ் வைத்து, காற்றை வெளியே விடலாம். அதுதான் "ப்ஸ்ஸ்ஸ்". நிறுவனங்கள் பெரும்பாலும் அந்தக் காற்றைத் திரும்ப உள்ளே விட்டுவிடும், சத்தம் வெளியே கேட்காது. கராஜில் வெளியே விடும் வால்வ் பூட்டும்போது, உள்ளே வரும் காற்றை அளக்கும் கருவி உள்ள கார்களில் ஒரு வேடிக்கை நடக்கும். கணினி அளந்து எழுதிய காற்று வெளியே போய்விட்டது, அது தெரியாமல் கணினி அதற்கான பெற்றோலை ஊற்றும். அதனால்தான் கியர் மாற்றும் நேரத்தில் கறுப்புப் புகையும் தடுமாற்றமும். அந்தச் சத்தம் ஒவ்வொன்றும் அமுக்கி வைத்த காற்று வீணாகும் சத்தம்.

சுபரு கார்களின் 'டுக்-டுக்-டுக்' என்ற முழக்கமும் இப்படித்தான். புகைக் குழாய்கள் ஒன்று நீளம், ஒன்று கட்டையாக இருந்ததால் வந்த ஓசை அது. 2000களின் தொடக்கத்தில் ஜப்பானிய சந்தைக்கான டபிள்யூ.ஆர்.எக்ஸ். எஸ்.டீ.ஐ. காரில் குழாய்களைச் சம நீளமாக்கி, புகையை இரண்டு பாதையாகப் பிரித்து டர்போவுக்கு அனுப்பினார்கள். கார் முன்பை விடச் சுறுசுறுப்பானது. முழக்கம் போய்விட்டது. உடனே சிலர் பழைய சமமில்லாக் குழாயைத் தேடி வாங்கிப் பூட்டினார்கள், சத்தத்துக்காகக் காரின் சுறுசுறுப்பைக் கொடுத்து.

நமது நாட்டில் வாகன வரி எஞ்சின் சீ.சீ.யைப் பார்த்து அமைந்ததால், 2017, 2018 அளவில் 1,000 சீ.சீ. டர்போ எஞ்சினுடன் ஹொண்டா சிவிக் கார்கள் நிறைய வந்து இறங்கின. ஏறக்குறைய 130 குதிரை வலு. ஜப்பானிய வரி செட்ரிக்கைப் பிறப்பித்தது போல, நமது வரி இந்தக் காரை நமது வாசலுக்குக் கொண்டு வந்தது. இது முழுக்க சாப்பின் பேரப்பிள்ளை. சின்ன டர்போ, கீழ் வேகத்தில் இழுவை, நொக் கேட்டால் தானே அடங்கும் கணினி. இதற்குத்தான் இப்போது "பெரிசு போட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள். 92 ஒக்டேன் பெற்றோலை அடித்துக்கொண்டு அமுக்கத்தையும் கூட்டினால், ஜெட்ஃபயர்காரர்கள் தாங்கியை நிரப்பாமல் ஓட்டிய அதே இடத்தில் நிற்கிறீர்கள். அவர்களுக்காவது நிறுவனம் இலவசமாகக் கழற்றிக் கொடுத்தது.

மாற்றத்தான் வேண்டும் என்று நிற்கிற தம்பி ஒருவனிடம் நான் கேட்டது இரண்டு கேள்விதான். எந்தச் சுற்றில் இந்த டர்போ காற்றுத் தரத் தொடங்கும்? உன் வீட்டிலிருந்து சந்தி வரை எந்தச் சுற்றில் ஓட்டுகிறாய்? முதலாவதற்கு 4,000 என்றான். இரண்டாவதற்குக் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தான்.

கடைசியாக ஒரு செய்தி. ஃபோர்முலா 1 பந்தயத்துக்கு 2014இல் டர்போ திரும்பி வந்தது, 1.6 லீற்றர். இந்த முறை டர்போவின் தண்டிலேயே ஒரு மின்மோட்டார். ஓட்டுநர் காலை எடுத்தாலும் மோட்டார் சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டே இருக்கும், 'லெக்' என்பது கிட்டத்தட்ட இல்லை. மொஸ் பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார். ரசிகர்கள் கலங்கியது வேறு காரணத்துக்காக: சத்தம் போதவில்லையாம்! புகையின் சக்தியை டர்போ முழுக்க உறிஞ்சிவிட்டால் சத்தத்துக்கு என்ன மிஞ்சும்? முறைப்பாடு கூடி, அந்த மே மாதம் பார்சிலோனா சோதனை ஓட்டத்தில் மெர்சிடிஸ் காரின் சைலன்சர் முனையில் ஊதுகுழல் வாய் போன்ற ஒரு பெரிய புனலைப் பூட்டி ஓட விட்டார்கள். உலகத்தின் மிகத் திறமையான எஞ்சினுக்குப் பின்னால் ஒரு புனல். சத்தம் அப்போதும் பெரிதாகக் கூடவில்லை, கழற்றி வைத்துவிட்டார்கள். அந்த மின்மோட்டாரையும் 2026 விதிகளில் எடுத்துவிட்டார்கள், செலவும் சிக்கலும் அதிகமென்று.

டீசல் வேன்களின் டர்போ பற்றி, ஓடி வந்து நிறுத்தியதும் எஞ்சினை உடனே அணைக்கக் கூடாது என்று பழைய டிரைவர் நானாமார் சொல்வதன் காரணம் பற்றி, இன்னொரு நாள் எழுதுகிறேன், இன்ஷா அல்லாஹ்.